அங்கெல்லாம் அப்படியில்லை

மனிதர்களில் 'அங்கெல்லாம்' என்றொரு இனம் உண்டு. உங்களுக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. தெருவில் ஒரு குழியைத் தாண்டுவதற்காக நீங்கள் காலைத் தூக்கியிருப்பீர்கள். தூக்கிய கால் தரையைத் தொடுவதற்குள் பக்கத்திலிருந்து ஒரு குரல், "அங்கெல்லாம் குழின்னா என்னன்னே தெரியாது சார்" என்று சொல்லும். வங்கி வரிசையில் நின்றால், முன்னால் நிற்பவர் உடம்பை முழுசாகத் திருப்பி, அங்கெல்லாம் வரிசை ஒழிந்து எத்தனையோ காலமாகிறது என்பார். குழாயில் தண்ணீர் வராவிட்டாலும், பேருந்து நிறுத்தத்தில் நிற்காமல் போனாலும், பக்கத்து வீட்டு நாய் ஓயாமல் குரைத்தாலும், ஏன், மழை கொஞ்சம் கூடுதலாகப் பெய்துவிட்டால்கூட, அங்கெல்லாம் இப்படி நடப்பதில்லை என்று அறிவிக்க இந்த இனத்தில் ஒருவர் தயாராக இருப்பார். குழியை மூட மாட்டார். குழாயைத் திருகிப் பார்க்க மாட்டார். அறிவித்ததோடு அவர் கடமை முடிந்தது.

'அங்கெல்லாம்' என்பது எந்த ஊர்? வரைபடத்தில் தேடிக் களைத்துப் போகாதீர்கள். ஒரு காலத்தில் அது மேற்கே இருந்தது. வெள்ளைக்காரர் நாடு எதுவானாலும் போதும், பெயர் சொன்னாலே கேட்பவர் கையைக் கட்டிக்கொள்வார். பிறகு கிழக்கே சீனாவில் ரயில்கள் வேகமெடுத்தன, பாலங்கள் எழுந்தன, இனம் இரண்டாகப் பிளந்தது. சீனப் பிரிவினருக்கு ஆட்சி என்றால் மேலே ஒருவர், கையில் ஒரு பேனா, அடியில் ஒரு கையெழுத்து. விடிந்ததும் அந்த இடத்தில் ஒரு விமான நிலையம் நிற்க வேண்டும். மேற்குப் பிரிவினருக்கு ஆட்சி என்றால் தேர்தல், நீதிமன்றம், பத்திரிகை, பொது விசாரணை. விமான நிலையம் வராவிட்டாலும் பாதகமில்லை, வராததற்கான காரணம் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டையும் நிதானமாக எடைபோட்டு, இதில் இது நல்லது, அதில் அது நல்லது என்று சொல்லக்கூடியவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள் என்று நானும் கேள்விப்பட்டிருக்கிறேன். அவர்களில் ஒருவர்கூட என் அக்கா குடியிருக்கும் கட்டடத்தில் இல்லை.

சீனப் பிரிவுக்கு ஒரு நல்ல மாதிரி வேண்டுமென்றால் நான் வெகுதூரம் போக வேண்டாம். அக்காவின் கணவர், என் அத்தானே இருக்கிறார். நான்காவது மாடி. குடியிருப்போர் சங்கத் தலைவர். அவர் சீனாவுக்குப் போயிருக்கிறார். போனார் என்பதைவிட, வேறெங்கோ போகும் வழியில் அங்கே விமானம் மாறினார் என்பது சரி. அந்த விமான நிலையத்துக் கழிப்பறையில் தரை காய்ந்திருந்தது. பார்த்த மாத்திரத்தில் அவருக்கு ஒரு தேசத்தின் நிர்வாக முறை முழுவதும் விளங்கிவிட்டது. ஐந்தாண்டுத் திட்டம் என்று அவர் ஆரம்பித்தாலே எனக்கு அந்தக் காய்ந்த தரைதான் கண்ணுக்குத் தெரியும். "பத்து நாள்ல ஆஸ்பத்திரி கட்டினான்" என்பது அவர் மந்திரம். கட்டும்போது யார் யார் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டியிருந்தது என்று கேட்டால், இந்த மாதிரிக் கேள்விதான் நம்மைக் கெடுத்தது என்பார். இரும்புக் கையை இவ்வளவு விரும்பும் மனிதர் வீட்டில் எப்படி இருப்பார் என்று நினைக்கிறீர்கள்? கூடத்து ஜன்னலுக்குத் திரைச்சீலை வாங்க என்னிடம், என் மனைவியிடம், அலுவலகச் சிநேகிதர்களிடம், கடைக்காரரிடம், கடைக்காரரின் அப்பாவிடம் எல்லாம் அபிப்பிராயம் கேட்டார். பச்சையா நீலமா என்று முடிவாகவில்லை. அந்த ஜன்னலில் இன்றைக்கும் பழைய படுக்கை விரிப்புதான் தொங்குகிறது.

மேற்குப் பிரிவுக்கு மூன்றாவது மாடியில் ஒருவர், சங்கத்தின் செயலாளர். கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். கட்டடத்தில் அவருக்கு 'ஜனநாயகம்' என்று பெயர். ஒருவரும் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. ஏதோ ஒரு மேலைநாட்டில் மகள் வீட்டுக்குக் குளிர்காலத்தில் போய், வாசல் கதவைத் திறக்காமல் இருந்துவிட்டு வந்தவர். ஆனால் ஜன்னல் வழியாக ஒரு காட்சி கண்டிருக்கிறார்: ஆளில்லாத சாலை, சிவப்பு விளக்கு, ஒரே ஒரு கார், விளக்கு மாறும்வரை அது நின்றது. சட்டத்தின் ஆட்சி, தனிமனித உரிமை, அதிகாரப் பகிர்வு என்று அவர் பேசுவதெல்லாம் அந்தக் காரிலிருந்து இறங்கியவைதான். கருத்துச் சுதந்திரம் இல்லாத வளர்ச்சி ஒரு வளர்ச்சியா என்று கேட்பார். ஒரு கூட்டத்தில் அவருடைய மனைவி ஏதோ சொல்வதற்காகக் கையைத் தூக்கினார். "உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு" என்று சொல்லிவிட்டு, கருத்துச் சுதந்திரத்தை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த அம்மாள் கையை இறக்கிய விதத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

கீழ்த்தளத்தில், ஸ்கூட்டர்கள் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். மாலையானால் இருவரும் அங்கே. அத்தான் தொலைபேசியில் ஒரு பாலத்தின் படத்தை எடுத்து, பெரிதாக்கி, வருகிறவர் போகிறவர் மூக்கருகே நீட்டுவார். ஜனநாயகம் அதே பாலத்துக்காக வீடிழந்தவர்கள் எங்கே போய் வழக்குப் போட்டார்கள் என்று கேட்பார். அங்கே வாயைத் திறந்தால் சிறை என்பார் இவர். உங்கள் 'அங்கே'யில் வாயைத் திறப்பதைத் தவிர வேறு வேலையே நடப்பதில்லை என்பார் அவர். ஒரு சுரங்க ரயில் பாதைக்குக் குழி தோண்ட அனுமதி கிடைப்பதற்குள் கேட்டவரே ஓய்வு பெற்றுவிடுகிறார் என்று அத்தான் சொன்னால், அந்தக் குழியில் யார் வீடும் விழாமல் இருப்பதற்குத்தான் அந்தத் தாமதம் என்று ஜனநாயகம் சொல்வார். கவனித்தீர்களா? இருவரும் சொல்வதில் உண்மை இருக்கிறது. அதுதான் தொல்லை. முழுப் பொய்யாக இருந்தால் காதை மூடிக்கொண்டு போய்விடலாம்.

இப்படிப் பொழுது போய்க்கொண்டிருந்தவரை யாருக்கும் நஷ்டமில்லை. பிறகு லிஃப்ட் நின்றது.

நின்ற நேரம் பொல்லாத நேரம். அக்காவுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை முடிந்து அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தாள். ஆரம்ப வாரங்களில் விடாமல் ஆஸ்பத்திரிக்கு வந்து, அங்கிருக்கும் இயந்திரத்தில் காலை மாட்டி மடக்கிப் பழக்க வேண்டும் என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். "இப்ப விட்டுட்டா சிமென்ட் மாதிரி இறுகிடும்மா. அப்புறம் நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். இயந்திரம் நான்காவது மாடிக்கு வராது. அக்காதான் இறங்க வேண்டும். முதல் தடவை நானும் முதல் மாடித் தையல்கார அம்மாவும் அவளை நாற்காலியோடு தூக்கி இறக்கினோம். மாடிப்படித் திருப்பத்தில் எனக்குக் கால் தடுமாறியது. நாற்காலி சாய்ந்து, மூன்று பேருக்கும் உயிர் போய் உயிர் வந்தது. இனி இந்த விளையாட்டு வேண்டாம் என்று அக்கா சொல்லிவிட்டாள்.

என் வீடு அடுத்த தெருவில், தரைத்தளம். அங்கே வந்து இருக்கட்டும் என்றேன். அத்தானுக்குக் கோபம் வந்தது. சங்கத் தலைவரின் மனைவி லிஃப்ட் ஓடவில்லை என்று தம்பி வீட்டில் போய் இருந்தால் தலைவருக்கு என்ன மரியாதை என்று கேட்டார். ஒரு கையெழுத்து, லிஃப்ட் ஓடும், பார்த்துக்கொண்டே இரு என்றார். நானும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மெக்கானிக் வந்தார். பெட்டியைத் திறந்து விளக்கடித்துப் பார்த்துவிட்டு, கன்ட்ரோல் போர்டு எரிந்துபோயிருக்கிறது என்றார். பிறகு, தான் எங்கே நிற்கிறோம், யாரிடம் பேசுகிறோம் என்று தெரியாத அப்பாவித்தனத்தோடு, அந்த வாக்கியத்தைச் சொன்னார்.

"சீனா போர்டு கடையிலயே இருக்கு, நாளைக்கே மாட்டிடலாம். ஐரோப்பா போர்டு வேணும்னா சொல்லி வரவழைக்கணும். ரெண்டுலயும் லிஃப்ட் ஓடும் சார். எது போடட்டும்?"

எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். அத்தான் தலைவர். சீனா என்று ஒரு சொல் சொன்னால் தீர்ந்தது. அந்தச் சொல்லை அவர் தினமும் எத்தனையோ முறை சொல்கிறவர்தானே?

"சீனா சாமானா? வேண்டவே வேண்டாம்பா. ஐரோப்பா போடு, உழைக்கும்" என்றார் அத்தான்.

"எதுக்கு வீண் செலவு? சீனா போர்டே தாராளம்" என்றார் ஜனநாயகம்.

தாங்கள் சொன்னது தங்கள் காதிலேயே விழுந்துவிட்டது என்று இரண்டு முகங்களிலும் தெரிந்தது. சாதாரண மனிதர்கள் என்றால் இந்த இடத்தில் அசடு வழிந்திருப்பார்கள். இந்த இனம் வழியாது. சீனாவில் நல்ல சாமானையெல்லாம் தங்களுக்கே வைத்துக்கொண்டு கழிவை நமக்கு அனுப்புகிறார்கள், அதுவும் அவர்களுடைய தேசிய வளர்ச்சிக் கொள்கையின் சிறப்புதான் என்று அத்தான் விளக்கினார். எந்த நாட்டுச் சாமானையும் விரும்பி வாங்கும் உரிமை நுகர்வோருக்கு இருக்கிறதே, அந்த உரிமையைக் கொடுத்தது யார், மேற்குதானே என்று ஜனநாயகம் விளக்கினார். மெக்கானிக் இரண்டு விளக்கங்களையும் கேட்டார். முடிவு பண்ணிவிட்டுக் கூப்பிடுங்கள் என்று பையை மாட்டிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு, எந்த போர்டு என்ற கேள்வியை இன்னொரு கேள்வி விழுங்கிவிட்டது. முடிவை எடுப்பது யார்? தலைவர் ஒருவரே உத்தரவு போடலாம் என்றார் அத்தான். பொதுக்குழுவில் ஓட்டெடுப்பு வேண்டும் என்றார் ஜனநாயகம். நான் சொல்வதை நம்புங்கள்: ஓட்டெடுப்பு வேண்டுமா வேண்டாமா என்று தீர்மானிக்க ஓர் ஓட்டெடுப்பு என்று முடிவாயிற்று. உடனே அத்தான், யாரையும் கேட்காமல் முடிவெடுக்கும் உரிமையைத் தனக்குக் கொடுக்கும்படி, ஒவ்வொரு மாடியாக ஏறி, ஒவ்வொரு கதவாகத் தட்டி, கைகூப்பி ஆதரவு கேட்கத் தொடங்கினார். கணக்குப் போட்டுப் பார்த்த ஜனநாயகம், தோற்றுவிடுவோமோ என்று பயந்து, வாடகைக்கு இருப்பவர்களுக்கு ஓட்டு கிடையாது என்று அறிவித்தார். வாடகைக்கு இருந்த தையல்கார அம்மா, அங்கெல்லாம் இப்படித்தானா என்று அவரிடமே கேட்டார். அங்கே படிப்படியாகத்தான் எல்லோருக்கும் ஓட்டு வந்தது, வரலாற்றைப் படியுங்கள் என்றார் அவர்.

இந்தக் கூத்தில் வாரங்கள் ஓடின. மேலே அக்கா கட்டிலில் காலை நீட்டியபடி, தலைக்கு மேல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தையல்கார அம்மா மாலையில் ஏறிப்போய்க் காலைப் பிடித்து மெதுவாக மடக்கப் பார்ப்பார். மடங்குவது நாளுக்கு நாள் குறைகிறது என்று என்னிடம் தனியாகச் சொன்னார். நான் அத்தானிடம் சண்டை போட்டேன். நன்றாகவே போட்டேன், அக்கம்பக்கத்துக்குக் கேட்கும்படி. அவர் கண் கலங்கிவிட்டது. அவளுக்காகத்தானே தம்பி நான் இவ்வளவு போராடுகிறேன் என்றார். அவர் பொய் சொல்லவில்லை. இந்த இனத்தைப் பற்றி எனக்குத் தாங்க முடியாத விஷயம் அதுதான். அவர்கள் கெட்டவர்களாகவும் இருந்து தொலைப்பதில்லை.

கூட்ட நாள் வந்தது. கீழ்த்தளத்தில் ஸ்கூட்டர்களை ஓரம் கட்டி நாற்காலி போட்டார்கள். அத்தான் எழுந்து, ஏழைகளாக இருந்த கோடிக்கணக்கானவர்களை ஒரு தலைமுறைக்குள் மேலே தூக்கிவிட்ட நாட்டைப் பற்றிப் பேசினார். ஒரு மாடியிலிருந்து ஒரு மனுஷியைக் கீழே இறக்க வக்கில்லையே என்று நான் முணுமுணுத்தேன். ஒழுங்காக உட்காரச் சொன்னார்கள். ஜனநாயகம் எழுந்து, ஆட்சியாளரைப் பார்த்து 'நீ செய்வது தப்பு' என்று குடிமகன் சொல்ல முடிவதுதான் வளர்ச்சி என்றார். அப்படியானால் நீங்கள் செய்வது தப்பு என்று பின்வரிசையில் யாரோ சொன்னார்கள். கூட்ட ஒழுங்கைக் குலைப்பவர்கள் வெளியே போகலாம் என்றார் ஜனநாயகம்.

அப்போது மாடிப்படியிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. துணி தரையில் உரசும் சத்தம், நிற்கும், மறுபடி உரசும். எல்லோரும் திரும்பினோம்.

அக்கா வந்துகொண்டிருந்தாள். உட்கார்ந்தபடி. சிகிச்சை செய்த காலை முன்னால் நீட்டி, இரண்டு கைகளையும் படியில் ஊன்றி, உடம்பைத் தூக்கி அடுத்த படியில் வைத்து, மூச்சு வாங்கி, மறுபடி கையை ஊன்றி, நான்கு மாடிகளும் அப்படியே இறங்கியிருக்கிறாள். உள்ளங்கைகள் சிவந்திருந்தன. புடவையின் பின்பக்கம் முழுதும் தூசி. தையல்கார அம்மா கைப்பையையும் ஊன்றுகோலையும் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார். கடைசிப் படியில் அக்கா கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். நான் ஓடிப்போய்த் தூக்கி நிறுத்தினேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் எந்த நாட்டை வைவது என்று தெரியவில்லை.

அவள் கூட்டத்தைப் பார்க்கவில்லை. அத்தானை மட்டும் பார்த்தாள்.

"என்னங்க, நான் தம்பி வீட்டுக்குப் போறேன். நீங்க பேசி முடிச்சிட்டு மேல போய் ஏதாவது சமைச்சுக்கோங்க."

உண்மையாகவே ஒரு நிமிஷம் அத்தான் வெறும் புருஷனாக நின்றார். அந்த நிமிஷத்தை ஜனநாயகம் கெடுத்தார். யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல் ஒரு தனிமனுஷி தன் வழியைத் தானே தேடிக்கொண்டாளே, இதுதான் மேலைச் சமூகத்தின் ஆணிவேர் என்று உணர்ச்சியோடு சொன்னார். அத்தானுக்குச் சுரணை திரும்பிவிட்டது. கட்டுப்பாடும் சகிப்பும் இல்லாமல் இது முடியுமா, மாவோவின் படை ஆயிரக்கணக்கான மைல் நடந்து நெடும்பயணம் போனது இப்படித்தான் என்றார். நாங்கள் வாசலைத் தாண்டி ஆட்டோவில் ஏறும்போதும் நெடும்பயணம் பின்னால் கேட்டுக்கொண்டிருந்தது.

லிஃப்ட் என்ன ஆயிற்று? ஓடுகிறது. அத்தான் தானே கடைக்குப் போய், தானே பையைத் தூக்கி, தானே நான்கு மாடி ஏற ஆரம்பித்த அந்த வாரத்திலேயே ஓடியது. முதல் மாடியைத் தாண்டிய திருப்பத்தில், தோளில் தண்ணீர் கேனோடு சுவரில் சாய்ந்து நின்று, மெக்கானிக்கைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "எந்த நாட்டுதா இருந்தாலும் பரவாயில்லப்பா, வந்து மாட்டு" என்று அவர் சொன்னதைத் தையல்கார அம்மா தன் வீட்டுக் கதவருகே நின்று கேட்டிருக்கிறார். ஓட்டெடுப்பை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. இப்போது அத்தான், பார்த்தாயா, ஒரே உத்தரவு, வேலை முடிந்தது என்கிறார். பொதுவெளியில் விவாதம் முதிர்ந்ததால்தான் அந்த உத்தரவே வந்தது என்கிறார் ஜனநாயகம். இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளும் பழைய இடத்துக்கு வந்துவிட்டன.

சரி, இப்போது உங்களிடம் வருகிறேன். அத்தானையும் ஜனநாயகத்தையும் பார்த்து நன்றாகச் சிரித்தீர்கள். நடுநடுவே, என்ன இருந்தாலும் சீனாக்காரன் சாதித்துத்தானே காட்டினான் என்று ஓர் எண்ணம் வந்திருக்கும். அல்லது, மெதுவாக நடந்தாலும் சுதந்திரம் சுதந்திரம்தான் என்று பதில் தயாராகியிருக்கும். தப்பில்லை, யோசிக்க வேண்டிய விஷயம்தான். இந்தக் கதையை நான் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன், எல்லோரும் நன்றாகப் படித்தவர்கள், கடைசிவரை ஆர்வமாகக் கேட்டவர்கள். முடித்ததும் அவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: கடைசியில் எந்த போர்டு மாட்டினாங்க, சீனாவா ஐரோப்பாவா? உங்கள் நாக்கு நுனியிலும் அதே கேள்விதான் இருக்கிறது என்றால், கீழ்த்தளத்தில் மூன்றாவது நாற்காலி போட இடமிருக்கிறது.

அக்காவுக்கு முழங்கால் பாதிதான் மடங்குகிறது. இனி அவ்வளவுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நீங்கள் கேட்கவில்லை, நானாகத்தான் சொல்கிறேன்.